மலை ஓடைகளை அளந்துவிட்டு முடிவெடுங்கள்

மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்தின் மாண்புமிகு அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலை 11 அன்று நீங்கள் வெளியிட்ட அறிவிக்கை தொடர்பாக இதை எழுதுகிறேன். நிலக்கரி அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து கந்தக டைஆக்சைடைப் பிடித்து நிறுத்தும் எஃப்ஜிடி கருவி இனி 'சி' பிரிவு அலகுகளுக்கு, அதாவது பெரிய நகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அருகில் இல்லாதவற்றுக்கு, வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. நாட்டிலுள்ள அலகுகளில் ஏறக்குறைய 78 சதவீதம் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரில் விதியைக் கொண்டுவந்ததும் நீங்கள்தான், இரண்டு வருடக் கெடு வைத்ததும் நீங்கள்தான், அந்தக் கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டதும் நீங்கள்தான். அந்தக் கதையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். இந்த விலக்கை நிறுத்தி வையுங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த மண்ணுள்ள மலைக்காடுகளில் மழைநீரையும் ஓடைநீரையும் வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்து, அந்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, அதன் பிறகு முடிவெடுங்கள்.

விலக்குக்கு நீங்கள் சொன்ன காரணங்களைப் படித்தேன். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. மின் நிலையங்களைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டைஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருக்கிறது. கருவி பொருத்தினால் செலவு கூடும், சுண்ணாம்புக்கல் வெட்ட வேண்டும், கரியமில வாயுவும் கூடும். எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கந்தக டைஆக்சைடு காற்றில் அமிலமாக மாறிப் பொழியும் அமில மழையைப் பற்றிய கேள்விக்கு, புகைபோக்கியைச் சுற்றியுள்ள காற்றைச் சோதித்துப் பதில் சொல்ல முடியாது. அது தெரிந்து அறுபது வருடம் ஆகப்போகிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்று ஒரு காடு. 1963இல் ஜீன் லைகன்ஸ் என்ற இளம் விஞ்ஞானியும் ஹெர்பர்ட் போர்மானும் நோய் (Noye) ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் என்ற கூட்டாளிகளும் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அந்த மலையின் பாறை, நீர் ஒழுகிப்போக விடாத பாறை. ஆகவே ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் மழையாக என்ன வருகிறது, ஓடை வழியாக என்ன வெளியேறுகிறது என்று வரவு செலவுக் கணக்கு எழுத முடிந்தது. காட்டின் சத்துக் கணக்கைப் பார்க்கத்தான் போனார்கள். முதலில் சேகரித்த மழைநீரின் பி.எச் அளவே ஏறக்குறைய 3.7 இருந்தது. மாசுபடாத மழைக்கு 5.6 அளவில் இருக்க வேண்டும். பி.எச்சில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அந்தக் காட்டுக்கு அருகில் பெரிய மின் நிலையம் எதுவும் கிடையாது. அந்தக் கந்தகத்தில் பெரும்பங்கு, பல நூறு கிலோமீட்டர் மேற்கே ஒஹையோ பக்கத்தில் எரித்த நிலக்கரியிலிருந்து வந்தது. 1970களில் அங்கே உள்ளூர்க் காற்றுத் தரத்தைக் காப்பாற்ற புகைபோக்கிகளை இன்னும் உயரமாகக் கட்டினார்கள். நிலையத்தைச் சுற்றி அளந்தால் எண்கள் நன்றாகத்தான் இருந்தன. புகை மேலே போய், காற்றில் பயணித்து, கந்தக அமிலமாக மாறி, வேறு மாநிலத்தின் காட்டில் இறங்கியது.

இப்போது உங்கள் அறிவிக்கையைப் பாருங்கள். 'சி' பிரிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் நிபந்தனை, புகைபோக்கி உயரம் விதிப்படி இருக்க வேண்டும் என்பது. நம் பெரிய அலகுகளின் புகைபோக்கிகள் 220 மீட்டர், 275 மீட்டர். அவ்வளவு உயரத்தில் விட்ட வாயுவைக் கீழே தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். இதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள, இந்தத் துறையில் வேலை செய்யும் என்னால் முடியவில்லை. ஏமாற்றப்பட்டது போலத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் காற்றில் இருக்கும் சுண்ணாம்புத் தூசி அமிலத்தைச் சமன் செய்துவிடும் என்றும் ஒரு வாதம் உண்டு. ராஜஸ்தானுக்கும் வட சமவெளிக்கும் அது பெருமளவு பொருந்தும். ஆனால் தூசியையும் சாம்பலையும் குறைக்க நீங்களே திட்டம் போட்டிருக்கிறீர்கள், குறைக்கவும் வேண்டும். தூசி குறைந்து கந்தகம் குறையாவிட்டால் மழை எந்தப் பக்கம் சாயும்? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் கனமழை காலங்காலமாக மண்ணைக் கழுவியதில் கால்சியம் ஏற்கெனவே குறைவு. அங்கே விழும் அமிலத்தை எதிர்த்து நிற்க மண்ணிடம் கையிருப்பு இல்லை. வானிலைத் துறையின் மழைநீர் ஆய்வு நிலையங்களில் கொடைக்கானலும் ஒன்று. அந்த நிலையங்களின் 1987 முதல் 2021 வரையான பதிவுகளில் பெரும்பாலான இடங்களில் பி.எச் இறங்கிக்கொண்டு வருவது தெரிகிறது. விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகியவை அதில் குறிப்பிடப்படுகின்றன. நாடு முழுவதற்கும் பத்தே நிலையங்கள். அவற்றில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றிரண்டுதான்.

இன்னும் அளக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் பாடு என்ன என்று சொல்கிறேன். நான் மலைப்பகுதிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர். மழைநீர் சேகரிக்க ஒரு கருவி வைத்திருக்கிறோம். முதல் துளி விழுந்ததும் உணரி தூண்டி மூடி திறக்கும், மழை நின்றதும் மூடிக்கொள்ளும். மழை இல்லாத நேரத்தில் தூசி விழுந்தால் பி.எச் ஏறிவிடும், மழையின் உண்மையான கணக்கு கிடைக்காது. அந்த மூடியின் மோட்டார் நின்றுவிட்டது. மூன்று வருடத் திட்டம் முடிந்துவிட்டதால் பழுதுபார்க்கச் செலவுத் தலைப்பு இல்லை என்று நிதி கொடுத்த அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சரி என்று, விடுதியில் இருக்கும் மாணவிகள் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடி வைத்து, மழை வந்தால் ஓடிப்போய்த் திறக்கிறார்கள். நள்ளிரவு மழைக்கு எப்படி ஓடுவது? அந்த மழைகள் எங்கள் பதிவேட்டில் காலியாக இருக்கின்றன. பிடித்த நீரையும் உடனே அளக்க வேண்டும். உப்பே இல்லாத நீர் என்பதால் மீட்டரில் எண் நிலைக்கு வர வெகுநேரம் ஆகும். ஒரு பெண் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பதிவேட்டை ஒரு கூட்டத்தில் காட்டியபோது, 'இவ்வளவு இடைவெளி இருக்கிற தரவை வைத்து என்ன சொல்ல முடியும்?' என்று ஓர் அதிகாரி கேட்டார். அளக்கப் பணம் கொடுக்காதவர்கள், அளவு இல்லை என்பதையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஹப்பர்ட் புரூக்கில் மழையின் அமிலம் குறைகிறது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல 18 வருடத் தொடர் பதிவு வேண்டியிருந்தது. நடுவில் நாலைந்து வருடத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் நேரெதிரான முடிவுக்குக்கூட வந்திருப்பார்கள். நம்மிடம் எல்லாமே மூன்று வருடத் திட்டம். ஆராய்ச்சி மாணவர் முனைவர் பட்டம் வாங்கிப் போனதும் ஓடைக்குப் போக ஆளில்லை. இது மழைநீரோடு நிற்கும் குறை இல்லை; ஏரி, நிலத்தடி நீர், பறவைகள் என்று எதை எடுத்தாலும் இதே நிலைமைதான். அதைப் பேசினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் காடு காட்டியது. 1990இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி கந்தகத்தைக் கட்டுப்படுத்தியது. மழையின் அமிலம் மேலும் குறைந்தது. ஓடையும் காடும் எதிர்பார்த்தபடி தேறவில்லை. மண்ணிலிருந்த கால்சியத்தை அமிலம் கரைத்துக்கொண்டு போயிருந்தது என்று 1996இல் லைகன்ஸ் குழு எழுதியது. கால்சியம் போன மண்ணிலிருந்து கரைந்த அலுமினியம் வேர்களையும் மீன்களையும் பதம் பார்த்தது. 1999இல் ஹெலிகாப்டர் வைத்து, 12 ஹெக்டேர் அளவுள்ள ஒரு நீர்ப்பிடிப்பில் கால்சியம் சிலிக்கேட்டைத் தூவினார்கள். அப்புறம்தான் அங்கே மேப்பிள் மரங்கள் தெளிந்தன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் யார் ஹெலிகாப்டர் கொண்டுவருவது? பவானியும் அமராவதியும் பிறக்கிற மலைகள் இவை.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். விலக்கை நிறுத்தி வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் மழையையும் ஓடையையும் சேர்த்து அளக்கும் நிலையங்களைத் தொடங்குங்கள்; மூன்று வருடத் திட்டமாக அல்ல, நிரந்தரப் பணியாக. கொடைக்கானல் உட்பட பத்து நிலையங்களின் அளவுகளையும், இந்த முடிவுக்கு ஆதாரமாக நீங்கள் எடுத்துக்கொண்ட ஆய்வறிக்கைகளின் மூலத் தரவுகளையும் இணையத்தில் முழுமையாக வெளியிடுங்கள். நாங்கள் தவறாகக் கவலைப்படுகிறோம் என்று அந்த எண்கள் காட்டினால், அதை முதலில் ஏற்றுக்கொள்வது எங்களைப் போன்ற ஆசிரியர்களாகத்தான் இருக்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மலைப்பகுதிக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆசிரியர்