இங்கிலீஷ் கிராமரை தமிழ்ல சொல்லிக் குடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பத்திரிகையோட மாணவர் பக்கத்துல வாரா வாரம் நீங்க போடுற இங்கிலீஷ் பகுதியை நான் ஒரு வாரம் கூட விட்டதில்ல சார், பெரம்பூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில சாயங்காலம் 14 பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், எல்லாரும் எட்டாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அந்தப் பகுதியை கட் பண்ணி அட்டையில ஒட்டி வெச்சுதான் நடத்துறேன். அந்த உரிமையிலதான் இதை எழுதறேன்.

ரூல் எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு. 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்'னு தலைப்பைப் பார்த்ததுமே பாதி பிள்ளைங்க பேனாவை மூடி வெச்சிடறாங்க. ஆனா இவங்க பண்ற தப்பு பலதும் தமிழ்லேர்ந்துதான் வருது, அதனால தமிழ்லேர்ந்தே சரி பண்ணவும் முடியும்.

போன வாரம் பத்தாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி 'ஐ ஆம் லிவிங் இன் பெரம்பூர் சின்ஸ் டென் இயர்ஸ்'னு எழுதியிருந்தா. சின்ஸ், ஃபார் ரூலை நாலு தடவை சொல்லியாச்சு, அப்பவும் மாத்தி மாத்திதான் போடறா. நோட்டை வாங்கி தமிழ்ல ரெண்டு வரி எழுதினேன். 'பத்து வருஷமா பெரம்பூர்ல இருக்கேன்.' '2015லேர்ந்து பெரம்பூர்ல இருக்கேன்.' வருஷமாங்கிற இடத்துல வர்ற அந்த 'ஆ'தான் ஃபார், 'லேர்ந்து'தான் சின்ஸ், அவ்ளோதான்மான்னேன். ரெண்டு வரியையும் விரல் வெச்சு ஒரு தடவை படிச்சா. 'அப்போ இது எனக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?'னு கேட்டா. அதுக்கப்புறம் புதுசா கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நாம 'இருக்கேன்'னு சொல்ற இடத்துல அவங்க 'ஹேவ் பீன் லிவிங்'னு சொல்றாங்க. அன்னிக்கே சரியா எழுதிட்டா.

'மை மதர் கோ டு மார்க்கெட்'டும் இதே கதைதான். போறேன், போற, போறான், போறா, போறாங்கன்னு தமிழ்ல ஆளுக்கு ஆள் முடிவு மாறுது, இங்கிலீஷ்ல நானும் நீயும் இல்லாம வேற ஒருத்தர், ஒண்ணுன்னு வர்ற இடத்துல மட்டும் எஸ் சத்தம் சேருதுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினா பயம் போயிடுது. அம்மா போறாங்கன்னு மரியாதையா சொல்லிப் பழகுன பிள்ளை 'மை மதர் ஆர் கோயிங்'னு எழுதுது, அதையும் திட்டாம எடுத்துச் சொல்லணும்.

வொகாபுலரிக்கு யாரும் பேசாத வார்த்தையா பத்து பத்து போடறீங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைங்க வாயில ஏற்கனவே இருக்கிற வார்த்தையை எடுங்க சார். நமக்கு ரோட்டோரமும் பிளாட்பாரம்தான், இங்கிலீஷ்ல அது பேவ்மென்ட், ரயில் நிக்கிற இடம்தான் பிளாட்ஃபார்ம். நாம ஹோட்டல்ல சாப்பிடறோம், அவங்க ஹோட்டல்ல தங்குறாங்க, வெறுமனே சாப்பிடப் போறது ரெஸ்டாரன்ட். இது தெரிஞ்சா நாளைக்கே உதவும்.

எங்க அப்பா காலத்து லிப்கோ டிக்‌ஷனரி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, அட்டை கிழிஞ்சு போச்சு, ஆனா இங்கிலீஷ் அர்த்தத்துக்குப் பக்கத்துலயே தமிழ் அர்த்தமும் இருக்கறதால பிள்ளைங்க சண்டை போட்டு அதைத்தான் எடுக்கறாங்க. உங்க பகுதியும் அப்படி இருக்கணும்னு ஆசைப்படறேன்.

வாரத்துக்கு ஒரே ஒரு தப்பு போதும், அதுக்கு நேரா தமிழ் வாக்கியத்தைப் போட்டு விளக்குங்க. வேணும்னா எங்க பிள்ளைங்க நோட்டுலேர்ந்தே எழுதி அனுப்பறேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க சார், அட்டையில ஒட்டினா பின்னாடி உக்கார்ற பிள்ளைங்களுக்குத் தெரிய மாட்டேங்குது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
பெரம்பூர், சென்னை