பாரதி மறைந்தது பதினொன்றா, பன்னிரண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் நான் முதலில் பார்ப்பது தலைப்புச் செய்தியை அல்ல. ஏழாம் பக்கத்து 'வரலாற்றில் இன்று' கட்டத்தைத்தான். செப்டம்பர் 11 அன்று அதில் ஒன்பது வரிகள் இருந்தன. 'பாரதியார் மறைவு (1921)' என்பது நான்காவது வரி. அந்த வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்புறம் மற்ற வரிகளைப் பற்றியும் கொஞ்சம்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் ஆபீஸுக்குப் போனதும் முத்திரையில் தேதி எழுத்தை மாற்றி, அதற்கென்று இருக்கும் நோட்டில் ஒரு முத்திரை குத்திக் காட்டிய பிறகுதான் மற்ற வேலை. அதனால் தேதி என்றால் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

பாரதியின் உயிர் பிரிந்தது திருவல்லிக்கேணி வீட்டில், இரவு ஒரு மணிக்கு மேல். அன்றிரவு அவருடைய நண்பர்கள் நீலகண்ட பிரம்மச்சாரியும் பரலி சு. நெல்லையப்பரும் அங்கேயே இருந்தார்கள். கடிகாரப்படி பார்த்தால் நள்ளிரவு தாண்டிவிட்டது. தேதி 12, திங்கட்கிழமை. மாநகராட்சிப் பதிவிலும் 12 என்றுதான் இருக்கிறது. ஆனால் ஊர் முழுக்க நினைவு நாள் கொண்டாடுவது 11 அன்று. நூற்றாண்டு வந்தபோது தமிழக அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான்.

இதை யாரோ செய்த பிழை என்று நான் நினைக்கவில்லை. பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியாத வரை முந்தைய நாள்தான். 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு' என்று நாம் இன்றைக்கும் பேசுகிறோமே, அதற்கு அர்த்தம் திங்கட்கிழமை விடிகாலை. இரவு 12.10 ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டு, ஒரு நாள் கழித்துப் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் போய் நின்றவர்கள் எத்தனை பேர்! நானே ஒரு தடவை நின்றிருக்கிறேன், அதுவும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு. ஆக, பாரதிக்கு 11 என்பதும் சரி, 12 என்பதும் சரி. 'நள்ளிரவுக்குப் பின், பதிவில் 12' என்று நாலு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். கூடவே, யானை மிதித்ததால் இறந்தார் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வரி போடலாம். யானை தள்ளியது பல வாரங்களுக்கு முன்பு. அதற்குப் பிறகு அவர் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பிவிட்டார். உயிரை எடுத்தது வயிற்றுக் கோளாறு.

தேதி இப்படி வழுக்குவது நம் ஊரில் மட்டுமில்லை. உங்கள் கட்டத்தில் வராத ஒரு செப்டம்பர் 11 சொல்கிறேன்: 1752. அந்த வருஷம் பிரிட்டனில் செப்டம்பர் 11 என்ற நாளே கிடையாது. பழைய ஜூலியன் காலண்டரை விட்டுவிட்டு கிரகோரியன் காலண்டருக்கு மாறியதால், செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் வியாழக்கிழமை எழுந்தபோது தேதி 14. நடுவில் பதினோரு நாட்கள் காலி. சட்டத்தின் வாசகம் ஆசியாவில் இருந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளையும் சேர்த்தே சொன்னது. அப்படியென்றால் சென்னைக் கோட்டையிலும் சட்டப்படி அந்த நாள் இல்லை. பிரெஞ்சுக்காரர்களோ 1582-லேயே மாறிவிட்டவர்கள். புதுச்சேரியில் அந்த நாள் ஒழுங்காக விடிந்து ஒழுங்காக முடிந்திருக்கும். நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு ஊரில் இருந்த தேதி இன்னொரு ஊரில் இல்லை!

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை என்ன செய்தார்? தமிழ் வருஷம், மாதம், தேதி, கூடவே ஐரோப்பியத் தேதி என்று இரண்டையும் போட்டு எழுதினார். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு துபாஷிக்கு (மொழிபெயர்ப்பாளருக்கு) இருந்த எச்சரிக்கை நமக்கு வேண்டாமா?

சரி, மற்ற வரிகளுக்கு வருகிறேன். 'விவேகானந்தர் சிகாகோ உரை (1893)' என்று போட்டிருந்தீர்கள். நல்லது. ஆனால் கப்பல் கட்டணத்துக்காக அளசிங்கப் பெருமாள் என்ற சென்னைப் பள்ளி ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியதை ஒரு தமிழ்ப் பத்திரிகை சொல்லாமல் வேறு யார் சொல்வது?

1906 உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அந்த செப்டம்பர் 11 அன்றுதான் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் சுமார் மூவாயிரம் இந்தியர்கள் கூடி, தங்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்ன அவசரச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று கடவுள் சாட்சியாக உறுதி எடுத்தார்கள். 'சத்தியாக்கிரகம்' என்ற பெயர் பிறகுதான் வந்தது. காரியம் அன்றே தொடங்கிவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்த ஒரு சங்கதி. அந்தத் தியேட்டர் விபத்தில் தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டது. மறுநாள் நண்பர்கள் காந்தியிடம் ஓடிவந்து, 'நல்ல சகுனம், சட்டத்துக்கும் இந்தக் கதிதான்' என்றார்களாம். இப்படிப்பட்ட தற்செயல்களுக்குத் தாம் மதிப்புக் கொடுப்பதில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். உங்கள் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ராசிபலன் வருவதால் இதைக் குறிப்பிடத் தோன்றியது.

1973-இல் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அயந்தே உயிரிழந்தார். 2001-இல் நியூயார்க். இரண்டும் செவ்வாய்க்கிழமை. முதல் விமானம் மோதியபோது அங்கே காலை 8.46, நமக்கு மாலை 6.16. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், விளக்கம் தேவையில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது வேறொரு விடுபடல். 1957 செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. ராணுவத்தில் இருந்து திரும்பி வந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக நின்றவர். முந்தைய நாள்தான் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். 2010-இல் அவருக்கு அஞ்சல் தலை வெளிவந்தது. ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் பரமக்குடியில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். 2011-இல் அதே நாளில் அங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. இவ்வளவும் தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. அதை விட்டுவிட்டு ஒரு சினிமா நடிகையின் பிறந்த நாளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நடிகை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் படங்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் ஏதோ ஓர் ஆங்கிலத் தொகுப்பில் இருந்து அப்படியே வருகிறதோ என்ற சந்தேகம்தான்.

கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. ஒன்பது வரிக்குப் பதில் ஐந்து போடுங்கள். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு நம் மாவட்டங்களில் நடந்ததாக இருக்கட்டும். தேதியில் தகராறு இருந்தால் இரண்டு தேதியையும் கொடுங்கள். பழைய காலத்து ஆட்களின் தமிழ்த் தேதி தெரிந்தால் அதையும் சேருங்கள். பாரதி பிறந்தது சித்திரபானு வருஷம் கார்த்திகை 27 என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் திதி கொடுப்பது ஆவணி அமாவாசையன்று. இங்கிலீஷ் தேதி கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு வருஷம்கூட அவர் நாளைத் தவறவிட்டதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். பிறந்த நாள் பட்டியல் தயாரிக்கும்போது ஜூன் 1 அன்று மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். என் சான்றிதழிலும் அதே தேதிதான். பள்ளியில் சேர்க்கும்போது வயது கணக்குக்குத் தோதாக இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்தது. நான் பிறந்தது ஐப்பசியில், அடைமழை நாளில் என்று அம்மா சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்