அறிவித்தல்களை ஆறுதலாக அனுப்புங்கள்

யாழ்ப்பாணத்தில் செய்தித் தளங்கள் நடத்துவோருக்கும், அவற்றின் சேர்வர்களைப் பராமரிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். மின்தடை, மழை எச்சரிக்கை, மரண அறிவித்தல் என்று எதுவானாலும் எங்கள் சனம் முதலில் பார்ப்பது உங்கள் தளங்களைத்தான். கொக்குவிலில் இருப்பவருக்கும் ரொறன்ரோவில் இருப்பவருக்கும் சாவீட்டுச் செய்தி ஒரே நேரத்தில் போகிறது. ஆனால் புஷ் அறிவித்தல், அதாவது போன் திரையில் தானாக வந்து விழும் செய்தி, போன கையோடு பல தளங்கள் படுத்துவிடுகின்றன. இணைப்பைத் தொட்டவருக்கு வெறும் வெள்ளைத் திரைதான்.

காசைக் கூட்டிப் பெரிய சேர்வருக்கு மாறுவதற்கு முன்னர், சேர்வருக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் அக்சஸ் லொக்கைத் திறந்து பாருங்கள். அறிவித்தல் போன அதே நொடியில் ஒரே முகவரிக்குக் கோரிக்கைகள் வரி வரியாகக் குவிந்திருந்தால், அவை ஆட்கள் தொட்டு வந்தவை அல்ல. புஷ் கிடைத்ததும் போனிலுள்ள சர்வீஸ் வேர்க்கர் (உலாவிக்குள் பின்னணியில் ஓடும் உங்கள் தளத்தின் சிறு நிரல்) தலைப்பையும் சுருக்கத்தையும் கேட்டுத் தானாகவே உங்கள் சேர்வருக்கு வருகிறது. எல்லாப் போனும் ஒன்றாக வந்தால் எந்தச் சேர்வரும் திணறும்.

தலைப்பையும் சுருக்கத்தையும் புஷ்ஷுக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள். அறிவித்தலைப் போனுக்குக் கொண்டுபோகும் புஷ் சேவைகள் 4096 பைட் வரை ஏற்றுக்கொள்ளும். தமிழுக்கு அது காணாது என்று நினைக்க வேண்டாம். 'ம' என்பதற்கு 3 பைட், 'மி' என்பதற்கு 6 பைட். மறைகுறியாக்கத்துக்குப் போவது போகவும் 600 எழுத்தளவு தேறும். இறந்தவரின் பெயர், ஊர், கிரியை நடக்கும் இடம், நேரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பார்வை எண்ணிக்கை குறையுமே என்று தயங்காதீர்கள். கிரியை நேரம் தெரியாமல் உறவுக்காரர் தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது காலாவதி, அதாவது டீடீஎல்: போய்ச் சேராத அறிவித்தலைப் புஷ் சேவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது. நோட் ஜேஎஸ்ஸில் பலரும் பாவிக்கும் வெப்-புஷ் லைப்ரரியில் நீங்கள் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அது 4 கிழமை. 'இன்று காலை 8 மணி முதல் மின்தடை' என்ற செய்தி, போனை நிறுத்தி வைத்திருந்தவருக்கு மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன பயன்? மின் திரும்பி வரும் நேரம்வரை மட்டும் உயிரோடு இருக்கட்டும். மழை எச்சரிக்கையைத் திருத்தி அனுப்பும்போது முன்னர் கொடுத்த அதே டொபிக் பெயரை (அறிவித்தலோடு அனுப்பும் அடையாளச் சொல்) கொடுங்கள். இன்னும் போய்ச் சேராத பழையது நீங்கி, புதியது மட்டும் சேரும். வெள்ள நேரத்தில் இரண்டு எச்சரிக்கைகளும் முன்பின்னாக வந்தால் சனம் எதை நம்பும்?

அப்புறம், புஷ் சேவையிடமிருந்து 410 என்ற எண்ணில் பதில் வந்தால் அந்தச் சந்தா முடிந்துவிட்டது, அழித்துவிடுங்கள். அளவுக்கு மிஞ்சி அனுப்புகிறீர்கள் என்று சொல்லும் 429 வந்தால், பதிலில் சொல்லியிருக்கும் நேரம்வரை பொறுத்திருங்கள். உடனுக்குடன் திரும்ப அனுப்பாதீர்கள். அவசரமில்லாத செய்திகளைச் சில நூறு சந்தாக்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்பலாம். புயல் எச்சரிக்கை மட்டும் காத்திருக்கக் கூடாது.

வருகிற மாரிக்கு முன்னர் இதைச் செய்து முடியுங்கள். தொழில்நுட்ப ஆள் இல்லாத சிறு தளங்களுக்கு நானே வந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
சேர்வர் பராமரிக்கும் ஒரு வாசகன்,
யாழ்ப்பாணம்