நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு: பட்டறைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சினிமாவிலும் சின்னத்திரையிலும் நடித்துவரும் பெண்கள் இயக்கம் பழகுவதற்கான பட்டறை உங்கள் உழைப்பால் நல்லபடியாக முடிந்தது. பொத்தாம்பொதுவாக நன்றி சொல்ல மனமில்லை. யார் எதைக் கற்றுத்தந்தீர்கள் என்பதும் பதிவாகட்டும்.

முதல் நன்றி எடிட்டருக்கு. நடித்துப் பழகியவர் இயக்க வந்தால், வசனம் முடிந்த கையோடு 'கட்' சொல்லிவிடுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறும் அந்த மூன்று நான்கு விநாடி பதிவாவதே இல்லை. பிறகு எடிட்டிங் மேசையில் எதை வைத்து வெட்டுவது? அவசர 'கட்' விழுந்த காட்சியையே டைம்லைனில் போட்டு நீங்கள் காட்டியதும் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் கையும் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று, பார்த்த உதவி இயக்குநருக்கு அடுத்தது. டம்ளர் எந்தக் கையில், எந்த வார்த்தையில் உட்கார்ந்தார், முந்தானை எப்படிக் கிடந்தது என்று டேக்குக்கு டேக் எழுதி, ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு போட்டோ எடுக்க வைத்தீர்கள். நடிகைகளுக்குத் தங்கள் கை நினைவிருக்கும். எதிரில் இருப்பவரின் டம்ளர் நினைவிருக்காது. சிக்கலே அங்கேதான்.

ஒளிப்பதிவாளர் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு விளக்கியதுதான் எல்லாரையும் அதிகம் திணறடித்த பாடம். இருவர் பேசினால் அவர்களை இணைக்கும் ஒரே கற்பனைக் கோடு; கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் நால்வர் என்றால், பேசுபவர் மாற மாறக் கோடும் மாறும். கேமரா அதைத் தாண்டினால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். நடிக்க வருமுன்பே ஒளிப்பதிவு படித்த சுஹாசினிக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1991-ல் 'பெண்' தொடரின் சிறு கதைகளை இயக்கிவிட்டு, 1995-ல் 'இந்திரா'வுக்கு அவர் போனது புதியவர்கள் பார்த்துவைக்க வேண்டிய வரிசை.

தானே நடித்து இயக்குபவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கையில், அவர் இடத்தில் நின்றுகொடுத்த பெண்ணுக்குத் தனி நன்றி. இருவரும் ஒரே உயரம் என்பதால்தான் ஃபோகஸும் முகத்து வெளிச்சமும் தப்பவில்லை. நடித்து இயக்குபவர் தன் குளோசப்பைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலில் எடுக்கச் சொன்ன மேனேஜரும் புண்ணியம் கட்டிக்கொண்டார்; மாலையில் களைப்பும் அவசரமும் முகத்தில் தெரிந்துவிடும். 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி.பி. ராஜலக்ஷ்மிக்கு, எடுத்ததை உடனே பார்த்துக்கொள்ள மானிட்டர் கிடையாது. கேமராமேன் சரி என்றால் சரி, அவ்வளவுதான்.

'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்தை வைத்து வகுப்பு எடுத்தவருக்கும் நன்றி. அது ரேவதி இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவுக்கு ஃபௌசியா ஃபாத்திமா, படத்தொகுப்புக்கு பீனா பால் என்று திறமையானவர்களைச் சேர்த்துக்கொண்டார். படத்தொகுப்புக்கும் ஷோபனாவின் நடிப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. நடிகையிடம் 'இப்படிச் செய்' என்று நடித்துக் காட்டினால் நகல்தான் வரும், பாத்திரம் எதை விரும்புகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என நீங்கள் சொன்னதைப் பலர் எழுதிவைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு அறையிலும் மின்விசிறியை நிறுத்தி எடிட்டிங்கில் வசன இடைவெளிகளை நிரப்ப ஒரு நிமிட மௌனத்தைப் பதிவுசெய்த ஒலிப்பதிவாளர், வெளிச்சத்தைத் திருப்பித் தரத் தெர்மகோல் பிடித்தே கை கடுத்த லைட்மேன்கள், நேரத்துக்கு டீ தந்த புரொடக்‌ஷன் தம்பிகள், எல்லாருக்கும் எங்கள் நன்றி. கன்டினியூட்டி ஷீட்டின் மாதிரி எங்களிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பட்டறைக் குழுவினர்