ஊராட்சித் தேர்தல் வழக்குக்கு 45 நாள்தான்

ஆசிரியருக்கு,

ஊராட்சித் தேர்தல் முடிவில் தகராறு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) போட்டால் போதும் என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் பலமாக இருக்கிறது. நல்ல வழக்குகள் பல இதனாலேயே கெட்டுப்போகின்றன.

அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவு ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலம் மட்டுமே எதிர்க்க விடுகிறது. சட்டமன்றத் தேர்தலுக்கான இதே தடையை, நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 258-வது பிரிவின்படி, முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனு தாக்கலாக வேண்டும். ரிட் மனு பதிவாகி எண் பெற்று, விசாரணைக்கு வந்து, "தேர்தல் மனு போடுங்கள்" என்று திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. சிவில் வழக்கில் எடுபடும் தாமத மன்னிப்பு மனு இங்கே பொதுவாக எடுபடுவதில்லை.

நீதிமன்றமே நேரடியாக முடிவை மாற்றியதே என்று சண்டிகர் மேயர் தேர்தலைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். தேர்தல் அதிகாரியே 8 ஓட்டுச்சீட்டுகளில் கிறுக்கிச் செல்லாதவை ஆக்கியது கேமராவில் பதிவாகியிருந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சேர்த்து, 12 ஓட்டில் நின்றவரை 20 ஓட்டுடன் மேயராக அறிவித்தது. அதற்குக் கைகொடுத்தது, முழுமையான நீதி வழங்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-வது பிரிவு. அந்த அதிகாரம் வேறெந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது.

மனு தோற்பதற்கான விதை பெரும்பாலும் எண்ணும் மேசையிலேயே விழுந்துவிடுகிறது. நான்கு பதவிக்கும் நான்கு நிறச் சீட்டுகள். பிரித்து, 50 வீதம் கட்டி எண்ணுகிறார்கள். ஒரு கட்டு பக்கத்து வேட்பாளர் பக்கம் போய்விடும். இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்த முத்திரை ஒரு மேசையில் செல்லும், அடுத்த மேசையில் செல்லாது. அந்த நேரத்தில் வேட்பாளரின் முகவர் வாய்ச்சண்டை போடுவதால் பயனில்லை. முடிவை அறிவிக்கும் முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் மறுஎண்ணிக்கை கேட்டு எழுத்தில் கொடுத்து, அவருடைய உத்தரவையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மனுவிலும் எந்த வாக்குச்சாவடி, எந்த மேசை, எத்தனை ஓட்டு, ஆட்சேபித்தது யார் என்று குறிப்பாக இருக்க வேண்டும். "7 ஓட்டில்தான் தோற்றேன்" என்பது மட்டும் காரணம் ஆகாது. பெட்டியைத் திறந்தால் ஏதாவது கிடைக்கும் என்று நீதிமன்றம் திறக்காது. ஓட்டின் ரகசியம் அதற்குப் பெரிது. ஓட்டுச்சீட்டுகளை அழிக்காமல் வைக்க, மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். தன்னை வென்றவராக அறிவிக்கக் கோருபவர், போட்டியிட்ட அனைவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே பாதுகாப்பு. பணப் பட்டுவாடா புகாரைச் சும்மா கூடச் சேர்க்காதீர்கள். அதற்குக் குற்ற வழக்குக்கு நிகரான நிரூபணம் கேட்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் காலம் தின்றுவிடுகிறது. ஹரியாணாவில் பானிப்பட் மாவட்டம் புவானா லாக்கு ஊராட்சித் தேர்தல் நடந்தது 2022 நவம்பரில். ஒரு வாக்குச்சாவடியின் கணக்கு மாறிப்போனது என்பதே புகார். தீர்ப்பாயம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட, உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றமே வாக்குப்பதிவு இயந்திரங்களை வரவழைத்து எண்ணியதில், "தோற்றவர்" 1,051, "வென்றவர்" 1,000. அப்போது 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது!

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் மனுக்களை 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. எண்ணிக்கை பற்றிய புகார் மட்டுமே உள்ள ஊராட்சி மனுக்களுக்கு அதைவிடக் குறுகிய கெடுவே போதும். மாநிலத் தேர்தல் ஆணையமும் தன் பங்குக்கு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையெழுத்திட்ட எண்ணிக்கைத் தாளின் நகலை மேசையிலேயே முகவர்களிடம் கொடுக்க உத்தரவிட வேண்டும்.

வழக்கறிஞர்,
திண்டுக்கல்