தண்ணீர்க் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மொய் நோட்டில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைக் கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து, மேப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஜூலையில் போவது நல்ல யோசனை. நீ போகிற வழியில் இருக்கும் அந்த ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. நம் வேலூர் வெயிலெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகலில் 20 டிகிரி போல இருக்குமாம், ராத்திரி 4 வரை இறங்கிவிடுமாம். குட்டிக்குக் கம்பளிக் குல்லாய் இரண்டாக எடுத்து வை. ஒன்றைத் தொலைப்பாள். குளிர்கிறதே என்று, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்தக் கேம்பருக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கிவிடாதே. அந்த விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

சரியில்லாதது நீ எடுக்கிற ஊட்னடாட்டா டிராக் ரோடுதான். மாரீயிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் ரோடு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைக்கு 1987லேயே முழுக்கத் தார் போட்டு முடித்துவிட்டார்கள். போர்ட் அகஸ்டாவில் திரும்பினால் கூபர் பீடி, மார்லா, ஆலிஸ் என்று நேராகப் போய்ச் சேரலாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்கு ஊட்னடாட்டா டிராக்? பழைய கான் ரயில் பாதையைப் பெரியவனுக்குக் காட்ட வேண்டும், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கும் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் வேண்டாம் என்றால் கேட்கிறவளா நீ? பெண்பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு என்று ஊரே சொன்னபோது கையெழுத்துப் போட்டவன் நான். அதை இன்றைக்கும் டெப்போ பழைய ஆட்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பிடிவாதம் எல்லா இடத்திலும் செல்லாது, பாப்பா.

சரி, போவது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ரோடு துணி துவைக்கிற கல் மாதிரி வரி விழுந்து கிடக்கும். மணிக்கணக்கில் அதில் ஆடினால் கழலாத நட்டு கிடையாது. உன் காரைவிட எனக்குப் பயம் கேம்பர் ட்ரெய்லர் மேல்தான். வருஷத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கிற வண்டி. கிளம்பும் முன் இரண்டு சக்கரத்துப் பேரிங்கையும் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்கச் சொல். ஒரு செட் பேரிங் கையில் இருக்கட்டும். பட்டா ஸ்ப்ரிங்கில் விரிசல் இருக்கிறதா என்று நீயே படுத்துப் பார். போகிற வழியில் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் ஹப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. டயர் காற்று தார் ரோட்டில் 40 பவுண்டு வைத்திருந்தால் மண்ணில் 30க்கு இறக்கு, வேகம் 80ஐத் தாண்டாதே. மறுபடி தார் ரோடு ஏறியதும் காற்றை நிரப்ப மறக்காதே. ஸ்டெப்னி இரண்டு வேண்டும். காருக்கும் ட்ரெய்லருக்கும் ஒரே சைஸ், ஒரே போல்ட் அமைப்பு என்றால் எதை எதற்கும் மாட்டலாம். விற்ற ஆளிடம் கேட்டாயா?

டயர் மாற்ற ஜாக்கியை எங்கே வைப்பாய்? மண் இளகல். அடியில் ஒரு கனத்த பலகை வேண்டும். ட்ரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும். பலகையையும் கட்டையையும் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்ட ஆள் வேண்டும். குட்டியை அந்த நேரத்தில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரியவனுக்கு ஏழு வயது. அவனைப் பின்னால் நிறுத்தக் கூடாது, சொல்லிவிட்டேன்.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று போட்டிருக்கிறாய், அது சரியான அளவுதான். மொத்தம் ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்று போட்டிருக்கிறாய். நாலு பேருக்கு 40 அல்லவா வரும்? முதலில் தட்டுப் பிழை என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் படுக்கும் பை மூன்று. தட்டு மூன்று. ஈ மொய்க்காமல் தலைக்குப் போடும் வலை மூன்று. கணக்கில் நீ தப்பு விடுகிறவள் இல்லை. மாப்பிள்ளை தன்னுடைய சாமான்களைத் தனியாக எழுதி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா உன் திட்டத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் ஓட்டுவார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, நாலு பேருக்குத் தண்ணீர் எடு. எல்லாவற்றையும் கேம்பர் தொட்டியில் ஊற்றி வைக்காதே. கல் அடித்து அடியில் குழாய் உடைந்தால் ஒரு மணி நேரத்தில் தொட்டி காலி. பாதியைத் தனித்தனி கேனில் காருக்குள் வை. மழை பெய்தால் அந்த மண் ரோட்டை மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் போனால் அபராதம், அதைவிடப் பெரிய அபராதம் சேற்றில் உட்கார்ந்துவிடுவது. நின்ற இடத்திலேயே சில நாள் கிடக்க வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்துத் தண்ணீரும் அரிசியும் பால் பவுடரும் இருக்க வேண்டும். டீசலும் அப்படித்தான். மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக் சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, பிறகு மார்லா 200 சொச்சம். எண்ணெய் போடுகிற இடம் ஒன்றையும் தாண்டிப் போகாதே. ட்ரெய்லரை இழுக்கும்போது வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் குடிக்கிறது என்று வீட்டுப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடு.

அந்த மாரீயிலிருந்தே இன்னொரு மண் ரோடு பிரிகிறது, பேர்ட்ஸ்வில் டிராக். 1963 டிசம்பரில் பேஜ் என்று ஒரு குடும்பம், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அப்பா அம்மா மூன்று பிள்ளைகள், அந்த ரோட்டில் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, கடைசியில் வண்டியை விட்டு நடந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் போய்விட்டார்கள். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவிடம் கொசுக்கடி என்றேன். என்ன ஆனாலும் வண்டியை விட்டு நகராதே. மேலேயிருந்து தேடுகிறவனுக்கு வண்டி தெரியும், ஆள் தெரிய மாட்டான்.

ஆபத்து சிக்னல் அனுப்பும் அந்தச் சின்னக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். பதிவு செய்தாயா? பதிவு இலவசம்தான். கூப்பிட்டு விசாரிக்க அவசரத் தொடர்பு என்று ஒருவர் பெயரும் எண்ணும் கேட்பார்களே, யார் பெயர் கொடுத்தாய்? மாப்பிள்ளை பெயர் என்றால் சரி. இல்லை என்றால் என் எண்ணைக் கொடு. நான் ராத்திரியிலும் போனை எடுப்பேன்.

வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் நெடுஞ்சாலையில் 40ஆம் சேனல், ஆபத்துக்கு 5ஆம் சேனல். பெரியவனுக்கும் சொல்லிக் கொடு. அவன் சமர்த்து, பிடித்துக்கொள்வான். 53 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிப் புழுதி அடங்கும்வரை நில். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதே. மாடும் கங்காருவும் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். நாலு மணிக்கே கூடாரம் போட்டுவிடு.

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய். கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறாய். உன் முகத்தைச் சரியாகப் பார்த்தது பொங்கலுக்கு முன்னால் இருக்கும். மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டால் குளிக்கிறார் என்கிறாய். தண்ணீர் கஷ்டமான தேசம் என்கிறார்கள், உங்கள் வீட்டில் இவ்வளவு குளியலா என்று நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அம்மா கேட்கிறபோது பொய் சொல்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதில் கிடையாது. சரி, அது இப்போது எதற்கு.

பிள்ளைகளுக்கு நல்ல பயணம் இது, அதை மறுக்கவில்லை. கோவர்ட் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் பப்ளர் என்கிற ஊற்றில் மணல் கொதிக்கிற மாதிரி பொங்கிக்கொண்டே இருக்குமாம், குட்டி அந்த இடத்தை விட்டு வரமாட்டாள். மாரீயில் அந்தக் காலத்து ஒட்டகக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரையும் ஆப்கான் என்று கூப்பிட்டாலும் பலுச்சிஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆட்களும் நிறையப் பேர். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951லிருந்து ரேடியோ வழியாகப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள், இப்போது இன்டர்நெட்டில் நடக்கிறது. பெரியவன் அதைப் பார்த்தால் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்பான், எச்சரிக்கை. கஷ்டமாகத் தெரிந்தால் வில்லியம் க்ரீக்கிலிருந்து கூபர் பீடிக்கு ஒரு மண் ரோடு போகிறது, 166 கிலோமீட்டர். அங்கே போய்த் தார் ரோட்டைப் பிடித்துவிடு, தோற்றுப்போனதாக ஆகாது. கூபர் பீடியில் பூமிக்கு அடியில் வீடு. பார்க்கட்டும். ஆனால் ஊரைச் சுற்றி ஓபல் தோண்டிய குழிகள் மூடாமல் கிடக்கின்றன. போட்டோ எடுக்கிறேன் என்று பின்பக்கமாக நடக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். உனக்கு இருப்பது இரண்டு கை. போன் யார் கையில்?

அம்மா குலதெய்வம் கோயில் விபூதியைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறாள். காரில் வைக்க வேண்டுமாம்.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். மாப்பிள்ளைக்கு ஜூலையில் லீவு கிடைக்காமல் போகலாம். வேலை அப்படி. லீவு கிடைக்காவிட்டால் சொல்லு. ஏன், எதற்கு என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். நான் வருகிறேன். ஓட்டமாட்டேன், பயப்படாதே. ரிவர்ஸ் எடுக்கும்போது கை காட்டுவேன், ஹப்பைத் தொட்டுப் பார்ப்பேன், குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சுகர் மாத்திரை தவிர எனக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்கு முட்டி வலி இருப்பதால் சித்தி வந்து கூட இருக்கிறேன் என்கிறாள், அவளிடம் பேசிவிட்டேன். உனக்கு முன்னால் அவளிடம் பேசியதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பயணம் முடிந்தபிறகும் கொஞ்ச நாள் இருக்கலாம். இங்கே வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லி வைக்கிறேன். வெள்ளை அடித்தாயிற்று.

விசிட்டர் விசாவுக்கு இப்போதே போட்டால்தான் ஜூலைக்குச் சரியாக இருக்கும். அழைப்புக் கடிதம் ஒன்று அனுப்பு, உன் பெயரில் இருந்தால் போதும். பேரிங் சைஸையும் சேர்த்து அனுப்பு. கிரீஸை விமானத்தில் கொண்டுவர விடுவார்களோ என்னவோ, அதை மட்டும் அங்கேயே நல்லதாக ஒரு டப்பா வாங்கி வை.

இப்படிக்கு,
அப்பா