அரகார்ன் தயங்குவது அரியணைக்காக அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல்களில் தயங்கும் தலைவர்கள் குறித்துக் கடந்த இதழில் வந்த கட்டுரை, கோண்டோர் நாட்டு அரியணைக்கு வாரிசான அரகார்னை முதல் உதாரணமாக எடுத்தது சரியே. ஆனால் அதில் அலசப்பட்டிருப்பவர் பீட்டர் ஜாக்சனின் படங்களில் (2001–2003) வரும் அரகார்ன். டோல்கீன் 1954–55இல் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் இருப்பவர் வேறு ஆள்.

படத்தில் அவர் அரச உரிமையை விட்டு ஒதுங்கியவர். முன்னோரின் பலவீனம் தன் ரத்தத்திலும் ஓடுகிறதென்று அஞ்சுபவர். மூதாதை எலெண்டிலின் உடைந்த வாள் மறுபடி அடிக்கப்பட்டு அவர் கைக்கு வருவதே மூன்றாம் படத்தில்தான். நாவலிலோ எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் அவையில் உடைந்த வாளை மேசைமேல் போட்டு, எலெண்டிலின் வம்சம் திரும்பி வரட்டுமா என்று கோண்டோர் ஆளுநரின் மகன் போரோமிரிடம் நேராகவே கேட்கிறார். பயணம் கிளம்பும் முன்பே வாளும் தயாராகிவிடுகிறது.

சந்தேகம் வருவது வழியில். போரோமிரோடு கோண்டோரின் தலைநகர் மினாஸ் திரித் போக இருந்தவர் தலையில், மோரியா சுரங்கத்தில் குழுவை வழிநடத்திய மந்திரவாதி கண்டால்ஃப் விழுந்ததும், தீய மோதிரத்தை அழிக்கக் கிழக்கே கொண்டுபோகும் ஃப்ரோடோவின் பொறுப்பும் ஏறுகிறது. இரண்டையும் செய்ய முடியாது. முடிவைத் தள்ளிக்கொண்டே போகிறார். ஆற்றங்கரைப் புல்வெளியான பார்த் கேலனில் யோசிக்க ஃப்ரோடோ ஒரு மணி நேரம் கேட்கிறான், கிடைக்கிறது. அதற்குள் குழு சிதறிவிடுகிறது. பக்கத்துக் குன்றான அமோன் ஹென் உச்சிக்கு ஓடிய அரகார்ன், போரோமிரின் கொம்பொலி கேட்டு இறங்கி வருவதற்குள் போரோமிர் சாகக் கிடக்கிறான். இன்று தான் செய்வதெல்லாம் தப்பாகிறதே என்று அரகார்ன் நோவது அந்த நாளில்தான். வாசகர் அதை நம்புகிறார், ஏனென்றால் தப்பு கண்ணெதிரே நடந்திருக்கிறது.

அடுத்து வருவது இன்னும் அருமை. ஒரு படகைக் காணோம், ஃப்ரோடோவின் தோழன் சாமின் மூட்டையும் இல்லை. ஃப்ரோடோ கிழக்கே போய்விட்டதைத் தடயம் பார்த்தே கண்டுகொண்டு, பிடிபட்ட குழுத் தோழர்கள் மெரி, பிப்பினுக்காக எதிரிப் படையினரான ஓர்க்குகளைத் துரத்துகிறார். நான்காம் நாள் முடிவதற்குள் 45 லீக், அதாவது 200 கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாக. நடுவில் இரவில் நிற்பதா ஓடுவதா என்று தோழர்கள் அவரிடமே விடும்போது, தப்பாகவே தேர்ந்தெடுப்பவனிடம் விடுகிறீர்களே என்கிறார். ஆனாலும் முடிவெடுக்கிறார். தட்டிக்கொடுத்து யாரும் பேருரை ஆற்றுவதில்லை.

தமிழில் மிகுபுனைவு எழுதுபவர்கள் இந்த அத்தியாயங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். 'எனக்குத் தகுதி உண்டா' என்று நாயகன் அத்தியாயந்தோறும் புலம்பினால் மூன்றாம் முறை வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்ற இடத்தில் அவனை நிறுத்துங்கள், புலம்பலே தேவைப்படாது.

மினாஸ் திரித்துக்கு வெளியே நடந்த பெலென்னோர் போருக்குப் பின் அரகார்ன் நகருக்குள் நுழையாமல் வெளியே கூடாரம் அடிப்பதையும் கட்டுரை தயக்கம் என்கிறது. நாவல் காரணம் சொல்கிறது: அழைப்பில்லாமல் நுழைந்தால் போர் முடியும் முன்பே உரிமைச் சண்டை மூளும். அது அரசியல் நிதானம். அன்றிரவே சாம்பல் நிறப் போர்வையில் உள்ளே போய், போரோமிரின் தம்பி ஃபராமிருக்கு வைத்தியம் பார்க்கிறார்.

ஒரு வாசகர்,
மதுரை